மேடைக்கு எடை குறைந்த பேஸ் காம்போ: 100 வாட் போதுமா?

நாலுகம்பி:
டிரம்ஸ், இரண்டு கிட்டார், கீபோர்டு, கூட என் பேஸ் கிட்டார். இப்போது வைத்திருக்கும் 15 இன்ச் ஸ்பீக்கர் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) 30 கிலோவுக்கு மேல். படியேற்றி இறக்க முதுகு இடம் கொடுக்கவில்லை. சின்ன இடங்களில் பி.ஏ.வில் (அரங்கத்துக்கான ஒலிபெருக்கியில்) பாட்டு மட்டும்தான் போகும், பேஸ் என் ஆம்பிலிருந்தே கேட்க வேண்டும். 100 வாட்டில் ஒன்று, 300 வாட்டில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டும் 12 இன்ச், 15 கிலோவுக்குள். எதை எடுக்கலாம்? எடை குறைந்தால் அடிச் சத்தம் (கீழ் சுரங்களின் கனம்) போய்விடும் என்கிறார்களே?

கீழ்சுருதி:
அந்தப் பயம் வேண்டாம். எடை குறைவதற்குக் காரணம் அதிகம் சூடாகாத கிளாஸ் டி ஆம்ப் சர்க்யூட், பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் வரும் ஸ்விட்சிங் பவர் சப்ளை, ஸ்பீக்கரில் இருக்கும் எடை குறைந்த நியோடிமியம் காந்தம் ஆகியவைதான். இவற்றால் அடிச் சத்தம் குறையாது. பெட்டியை ரொம்பச் சின்னதாக்கினால்தான் குறையும். கீழ் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். சின்னப் பெட்டியில் அது மெலிந்துதான் வரும். ஆனால் அதன் இரட்டிப்பான 82 நன்றாக வந்தாலே பேண்டுக்கு நடுவில் பேஸ் நிற்கும்.

டிரம்ஸ் இருக்கிறது, பி.ஏ. துணையும் இல்லை என்றால் 100 வாட் திணறும். 300 எடுங்கள். மூன்று மடங்கு சத்தம் வரும் என்று மட்டும் நினைக்காதீர்கள். வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல்தான், 100க்கும் 300க்கும் வித்தியாசம் ஏறக்குறைய 5. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி (அதே வாட்டில் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 3 டெசிபெல் அதிகம் இருந்தால், வாட்டை இரட்டித்த பலன் அதிலேயே கிடைத்துவிடும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, பெட்டியில் போட்டிருக்கும் வாட் எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) என்று பாருங்கள். ஃபெண்டர் ரம்பிள் 500 தனியாக இருக்கும்போது 350 வாட்தான். வெளியே 8 ஓம் கேபினெட் ஒன்றைச் சேர்த்து மொத்தம் 4 ஓம் ஆனால்தான் 500 வரும். உங்கள் 300ம் அப்படியா என்று பார்த்துவிடுங்கள்.

ஓரமேடை:
டி.ஐ. அவுட் (ஆம்பிலிருந்து மிக்ஸருக்கு நேராக அனுப்பும் இணைப்பு) கட்டாயம் இருக்கட்டும், அதில் ஈக்யூவுக்கு (பேஸ், மிட் போன்ற குமிழ்களுக்கு) முன்னால் எடுப்பதா பின்னால் எடுப்பதா என்று மாற்றும் ப்ரீ/போஸ்ட் சுவிட்சும். பெரிய மேடையில் ப்ரீயில் வைத்தால், நீங்கள் ஆம்பில் ஈக்யூவைத் திருப்பினாலும் மிக்ஸருக்குப் போகும் சத்தம் மாறாது. ஹம் (கரண்டின் ரீங்காரம்) வந்தால், டி.ஐ. கேபிளின் கிரவுண்டைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் கைகொடுக்கும்.

அப்புறம், காம்போவைத் தரையில் நேராக வைக்காதீர்கள், சத்தம் முழங்காலோடு போய்விடும். பின்பக்கம் சாய்த்து வைத்தால் காதுக்கு வரும். மரமேடை குமுறினால் பேஸ் குமிழைக் கொஞ்சம் குறைத்து மிட்டை ஏற்றுங்கள். வால்யூமைத் தொடாமலே சுரம் தெளியும்.

நாலுகம்பி:
ரொம்ப நன்றி. 300 வாட்டையே எடுக்கிறேன். பழைய காம்போவின் ஸ்பீக்கரைத் தனிப் பெட்டியாக்கி இதோடு சேர்க்கலாமா? அதன் பின்னால் 4 ஓம் என்று இருக்கிறது.

கீழ்சுருதி:
அதைச் சேர்க்காதீர்கள். உள்ளே 8, வெளியே 4 என்றால் மொத்தம் 2.7 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். பெரும்பாலான காம்போக்கள் 4க்குக் கீழே தாங்காது, சூடாகி அணைந்துவிடும், எரிந்தும் போகலாம். 8 ஓம் கேபினெட் கிடைத்தால் சேருங்கள். இணைக்க ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும். கிட்டாருக்குப் போடும் கேபிளில் உள்கம்பி மெல்லியது, அதைப் போடக் கூடாது.