புதுப்பிப்பு: ஷேடோரன் ஆட்டத்தில் சின் இல்லாத பெண் மந்திரம் படித்தது எங்கே?

போன மாதம் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேட்டது இதுதான்: ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் ஷேடோரன் கதையாட்டத்தில், அதன் கற்பனையான 2050 சியாட்டிலில், சின் எனும் அடையாள எண்ணே இல்லாத சேரிப் பெண் மந்திரம் கற்க எங்கே போயிருப்பாள்?

"நிறுவனமே பிள்ளையைத் தூக்கிப் போய்ப் படிக்க வைக்கும், அவள் தப்பி ஓடி வரட்டும்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. அந்த உலகில் மந்திரத் திறன் நூற்றில் ஒருவருக்குத்தான், அதோடு அந்தக் கதையில் வரும் ஷியாவாசே நிறுவனத்தின் வழக்கில் 2001-ல் வந்த தீர்ப்புக்கு அப்புறம் பெருநிறுவன வளாகம் தனி நாடு மாதிரி, பள்ளிக்கூடமும் அதன் சட்டத்துக்குள்தான், வெளியே யாரிடமும் முறையிட முடியாது. எட்டு வயதில் சோதனை, விடுதி, படித்து முடித்ததும் கட்டாய வேலை என்று வைத்தோம்.

எதிர்பாராதது ஒன்று. அந்தப் பெண்ணாக ஆடும் தோழி பகடையைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ எனக்கு நிறுவன சின் இருக்குமே?" என்றாள். சரிதானே! கடைசியில் ஓடி வந்தவளிடம் போலி சின், பழைய பதிவு நிறுவனத்தின் கையில் என்று மாற்றினோம். இப்போது அவளைத் தேடி ஆள் வருகிறது, இரண்டு அமர்வுக்கான கதை தானாகக் கிடைத்தது.

தெருவோரக் கிழவி குருவாக வரும் யோசனையையும் விடவில்லை, தப்பித்த பிறகான படிப்புக்கு வைத்திருக்கிறேன்.