புரூட் வார்: கை எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது

ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினி வியூக விளையாட்டு 1998 மார்ச் மாதம் வந்தது. அதன் விரிவாக்கமான புரூட் வார் அதே ஆண்டு நவம்பரில். 2017-ல் ரீமாஸ்டர்டு வந்தபோது படத்தையும் ஒலியையும் மெருகேற்றினார்கள், ஆட்ட விதிகளைத் தொடவில்லை. அதனால் இன்றைக்கும் ஒரே நேரத்தில் 12 யூனிட்டுக்கு (வீரர், வேலையாள், வண்டி) மேல் பிடிக்க முடியாது. கட்டடங்களை ஒவ்வொன்றாகத்தான் சொடுக்க வேண்டும். பிறந்த வேலையாளை மினரல் (ஆட்டத்தின் காசு) வெட்டப் போகச் சொல்வதும் நம் வேலை, தானாகப் போகமாட்டான்.

புதிதாக வருகிறவர்கள் இதைப் பழைய ஆட்டத்தின் குறை என்று ஒரே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். இருபது வருடமாக விடாதவர்களைக் கட்டிப்போட்டிருப்பதும் இதே குறைதான். திட்டம் மனதில் தயார், கை பின்தங்குகிறது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் ராத்திரி இரண்டு மணிக்கும் "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்". அவரவர் இனத்தில் (டெரன், ஸெர்க், புரோட்டாஸ் என மூன்று) கை எங்கே தவறுகிறது என்று எழுதுங்கள். எண்ணோடு எழுதினால் எல்லோருக்கும் பயன்.

* * *

டெரனிலிருந்து தொடங்கலாம்.

தொடக்கத்தில் கையில் 4 எஸ்சிவி (டெரனின் வேலையாள்), 50 மினரல். நால்வரையும் நான்கு வெவ்வேறு மினரலுக்குப் பிரித்து அனுப்பிவிட்டு, ஐந்தாவது எஸ்சிவியை அழுத்துங்கள். ஒன்றை மட்டும். வரிசையில் ஐந்தைப் போட்டால் ஐந்துக்கும் காசு அப்போதே போய்விடும். 250 மினரலில் 200 சும்மா முடங்கிக் கிடக்கும், பாராக்ஸ் (வீரர்களை உருவாக்கும் கட்டடம்) தள்ளிப்போகும்.

சப்ளை (ஆள் எண்ணிக்கை) 9 ஆனதும் அதன் வரம்பை உயர்த்தும் டெப்போ (100 மினரல்), 11-ல் பாராக்ஸ் (150). பலர் டெப்போவை 10 வரை இழுத்துவிடுகிறார்கள். தொடக்க வரம்பே 10 என்பதால் டெப்போ முடியும்வரை உற்பத்தி அப்படியே நிற்கும். ஆட்ட வேகம் உச்சத்தில் இருந்தால் டெப்போவுக்குச் சுமார் 25 நொடி, ஒரு எஸ்சிவிக்கு 12, 13 நொடி. ஆக இரண்டு வேலையாள் காலி. ஒரு நடைக்கு 8 மினரல் கொண்டுவருகிறவர்கள் அவர்கள். ஆட்டம் முழுக்க அந்தப் பள்ளம் கூடவே வரும்.

அடுத்தது கண்ணிவெடி. வல்ச்சர் என்ற வண்டி ஒன்றுக்கு மூன்று மைன், ஒவ்வொன்றும் 125 சேதம். டாங்கிக்குப் பக்கத்திலேயே புதைப்பதுதான் வழக்கமான தவறு. எதிரி ஸீலட் (புரோட்டாஸின் கைகலப்பு வீரன்) ஓடி வருவான், மைன் எழுந்து துரத்தும், அவன் நேரே டாங்கிக் கூட்டத்துக்குள் நுழைவான், வெடிப்பில் நம் டாங்கியே போகும். டாங்கிகளுக்கு நன்றாக முன்னால் தள்ளிப் புதையுங்கள்.

* * *

ஸெர்க் ஆடுகிறவர்களுக்கு, மியூட்டாலிஸ்க் (சுருக்கமாக மியூட்டா) என்ற பறக்கும் உயிரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுதான் பைத்தியம் பிடிக்க வைக்கும் இடம்.

11 மியூட்டா, கூடவே வரைபடத்தின் ஒரு தூர மூலையில் நிற்கும் ஓவர்லார்ட் (ஸெர்க்கின் மெதுவாகப் பறக்கும் யூனிட்) ஒன்று. 12-ஐயும் ஒரே குழுவாக விசைப்பலகையின் ஒரே எண்ணில் போடுங்கள். குழு நெருக்கமாக இருந்தால் ஆட்டம் அணிவகுப்பைக் காப்பாற்றப் பார்க்கும். ஒருவர் மட்டும் வெகு தூரத்தில் இருந்தால் அணிவகுப்பைக் கைவிட்டு எல்லோரையும் ஒரே புள்ளிக்கு அனுப்பிவிடும். பதினொன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, திரையில் ஒற்றை மியூட்டா மாதிரி தெரியும்.

இப்போது கணக்கு. ஒரு மியூட்டா 9 சேதம், 11-க்கு 99. டெரனின் வான்காப்புக் கோபுரமான மிஸைல் டரெட்டின் உயிர் 200. இரண்டு சுற்று அடித்தால் 198. இரண்டே இரண்டு புள்ளியில் டரெட் உயிரோடு நின்று திருப்பிச் சுடும், அதற்குள் எஸ்சிவி வந்து பழுது பார்க்கவும் தொடங்கிவிடும். தாக்குதல் மேம்பாடு ஒன்று முடிந்திருந்தால் 110, இரண்டு சுற்றில் விழும். அந்த ஒரு மேம்பாட்டுக்காகக் காத்திருப்பதா, இப்போதே பறப்பதா என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

கெடுவது எப்படி? மூலையில் இருக்கும் ஓவர்லார்டை எதிரி கொன்றால் அடுக்கு கலைந்துவிடும். புதிதாகப் பிறந்தவற்றைச் சேர்த்தால் குழுவை மறுபடி போட வேண்டும், அந்த அவசரத்தில் ஓவர்லார்ட் விடுபட்டுப் போகும். டெரனிடம் சயன்ஸ் வெஸல் என்ற பறக்கும் கலம் வந்தபிறகு அடுக்குவதே ஆபத்து. ஒன்றின்மேல் அதன் இரேடியேட் (கதிர்வீச்சு) விழுந்தால் ஒட்டி நிற்கும் அத்தனையும் சேர்ந்து உருகும். அடிபட்டதை உடனே தனியே பிரித்து ஓட்டுங்கள்.

* * *

புரோட்டாஸ் பக்கம் சுருக்கமாக. ரீவர் என்ற மெதுவான வண்டி ஏவும் ஸ்கேரப் ஒன்றுக்கு 15 மினரல், 100 சேதம். அது தரையில் வழி தேடி ஊர்ந்து போகும் குண்டு. மினரலும் வேலையாட்களும் வழியை அடைத்தால் நேரம் முடிந்து வெடிக்காமலே மறையும். ரீவரை மினரல் வரிசைக்குப் பின்புறம் இறக்காதீர்கள், திறந்த பக்கமாக இறக்குங்கள். டிராகூன் (நான்கு கால் இயந்திரம்) சரிவில் சிக்கினால் நிறுத்தும் கட்டளை கொடுத்து, குட்டிக்குட்டித் தூரமாக நடத்துங்கள். கீழிருந்து மேட்டை நோக்கிச் சுட்டால் ஏறத்தாழ பாதிக் குண்டுகள் தவறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

* * *

மேலே டெரனைப் பற்றி எழுதிய அண்ணா பங்கரை (உள்ளிருந்து சுடும் காப்பரண்) விட்டுவிட்டார். 2004-ல் கொரியாவின் எவர் ஸ்டார்லீக் போட்டியின் அரையிறுதியில் டெரன் ஆட்டக்காரர் லிம் யோ-ஹ்வான் மூன்று ஆட்டத்திலும் பங்கர் வைத்தே ஸெர்க் ஆட்டக்காரர் ஹாங் ஜின்-ஹோவை வீழ்த்தினார். ஸெர்க்காரர்களுக்கு அது இன்னும் ஆறாத புண். தடுக்க வேண்டுமென்றால் பங்கரை அடிக்காதீர்கள். அதன் உயிர் 350. கட்டுகிற எஸ்சிவியின் உயிர் 60தான். அது செத்தால் பங்கர் பாதியில் நிற்கும். கட்டும்போது அது கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நகரும், ஒரு ட்ரோன் (ஸெர்க்கின் வேலையாள்) விட்டால் அடுத்தது பிடிக்கும்படி நான்கைந்து ட்ரோனை அனுப்புங்கள்.

* * *

கையைப் பற்றிய பேச்சு என்பதால் இயந்திரங்களையும் சொல்லியாக வேண்டும். 2010-ல் ஏஐஐடிஇ என்ற செயற்கை நுண்ணறிவு மாநாட்டின் ஸ்டார்கிராஃப்ட் போட்டியில் பெர்க்லி ஓவர்மைண்ட் என்ற நிரல் மியூட்டாக்களைக் கொண்டே வென்றது. ஒவ்வொரு மியூட்டாவையும் தனித்தனியே ஓட்ட அதற்கு முடிந்ததால் 12 என்ற வரம்பு அதற்குச் சுவராகவே இல்லை. 2019-ல் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸ்டார் என்ற நிரல் ஸ்டார்கிராஃப்ட் 2-ல் உச்ச நிலையான கிராண்ட்மாஸ்டரைத் தொட்டது. அதற்கு முன் அதன் வேகத்துக்கு அவர்களே வேலி போட வேண்டியிருந்தது: 5 நொடிக்கு 22 செயல். மனிதக் கையின் வரம்பைச் செயற்கையாகப் பூட்டினால்தான் அது வியூகத்தில் வென்றதா, வேகத்தில் வென்றதா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

* * *

"இது நோயா?" என்று வீட்டில் கேட்டால் ஒரு தகவல். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 (உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல்), கேமிங் கோளாறுக்கு மணிக்கணக்கு எதுவும் வைக்கவில்லை. ஆட்டத்தின்மேல் கட்டுப்பாடு போவது, மற்ற வேலைகளைவிட ஆட்டமே முதலில் நிற்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகியவற்றையே பார்க்கிறது. பொதுவாக 12 மாதமாவது அப்படி இருக்க வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு முறை: மூன்று ஆட்டம், பிறகு ஒரு ரீப்ளே (ஆடிய ஆட்டத்தின் பதிவு). ரீப்ளேயில் சண்டையைப் பார்க்காதீர்கள். கையிருப்பு மினரல் முதன்முதலாக 400-ஐத் தாண்டும் நொடியில் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் திரை எங்கே இருந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஏற்கெனவே முடிந்துபோன ஒரு சிறு சண்டையின் மேல்தான் இருக்கும்.