புதுப்பிப்பு: மகளுக்கு வயலின் வாத்தியார் கிடைத்துவிட்டார்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: கும்பகோணத்தில் ஒரு கர்நாடக வயலின் வகுப்பில் பத்து வயது மகளை மூன்றே மாதத்தில் ஆரம்பப் பாடங்களிலிருந்து கீர்த்தனைக்குத் தாவ வைத்துவிட்டார்கள், சுருதியே சேரவில்லை, நிறுத்திவிடலாமா என்று. நிறுத்தவில்லை. பலர் சொன்னபடி வேறு ஆளைத் தேடினேன்.

புதியவர் திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் படித்தவர். குடும்பமே நாகஸ்வரம், தவில். இவர் மட்டும் வயலின் பக்கம் வந்துவிட்டார். முதல் நாள் வில்லையே தொடவிடவில்லை. சம்மணம் போட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி உட்காரவே அரை மணி நேரம். (கால் மரத்துப்போய் அவள் அழுதது தனிக் கதை.) அப்புறம் நான்கு தந்தியையும் ச-ப-ச-ப என்ற ஸ்வரங்களுக்குச் சுருதி சேர்த்து, இரண்டு வாரம் வெறும் நீள வில், அதாவது வில்லை நீளமாக இழுத்துப் பழகுவது மட்டும். இப்போது மறுபடி மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடம். "வாயில் வராதது விரலில் வராதும்மா" என்கிறார். பாடிக் காட்டினால்தான் வாசிக்க விடுவார்.

"வெள்ளைக்காரன் வாத்தியம் எதுக்கு?" என்று என் அம்மா முணுமுணுத்தார். திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வர் எனப்படும் இசை, நடன ஆசிரியர்களான சகோதரர்களில் வடிவேலுவும் வாசித்த வாத்தியம் என்றார் வாத்தியார். அம்மா இப்போது அவருக்கு காபி போட்டுத் தருகிறார்.

ஒரு வருஷத்துக்கு மேடையில் வாசிப்பது என்ற பேச்சே கூடாதாம். மனைவிக்கு அதில் வருத்தம்; எனக்குச் சரி என்றே படுகிறது. அளவு கேட்டவர்களுக்கு: அவளுக்கு முக்கால் அளவு (3/4) வயலின்தான்.