தாமஸ் மன்றோ: ‘மன்றோ’ங்கற பேருக்கு என்ன அர்த்தம்?

பென்னாகரம்_பையன்:
வணக்கம்ங்க. பொண்ணுக்கு ஸ்கூல்ல தாமஸ் மன்றோ பத்தி ப்ராஜெக்ட் குடுத்திருக்காங்க. 1792ல திப்பு கிட்ட இருந்து பாரமகால், அதாவது நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம், கிழக்கிந்திய கம்பெனி கைக்கு வந்தது, ரீடு துரைக்கு கீழ மன்றோ 1799 வரைக்கும் இங்க இருந்து ரயத்துவாரி (விவசாயி கிட்டயே நேரா நிலவரி வாங்கற முறை) கணக்கு போட்டது, பின்னாடி மெட்ராஸ் கவர்னர் ஆனது எல்லாம் எழுதியாச்சு. இப்ப அவ ‘ஸ்மித்னா கொல்லர், டெய்லர்னா தையக்காரர், மன்றோன்னா என்னப்பா’ன்னு கேக்கறா. பக்கத்து வீட்டு தாத்தா, அது நம்ம மன்றம்தான்யா, நியாயம் தீத்ததால ஜனங்க வெச்ச பேருன்னு அடிச்சு சொல்றார். நெஜமாவா?

தொப்பூர்_கணவாய்:
தாத்தா ஆசையா சொல்லியிருக்கார், ஆனா இல்லைங்க. 1761ல கிளாஸ்கோவுல பொறக்கறப்பவே அவர் மன்றோ தான், அவங்கப்பாவும் மன்றோ. இது ஸ்காட்லாந்து வடக்குல ஈஸ்டர் ராஸ் பக்கம் இருக்கற ஒரு குலத்தோட பேரு, தலைவர் வீடு ஃபவுலிஸ் கோட்டை. அவங்க பரம்பரையா சொல்றது என்னன்னா முன்னோருங்க அயர்லாந்துல டெர்ரி பக்கம் ஓடற ரோ ஆத்தங்கரையில இருந்து வந்தவங்க, அவங்க பழைய மொழியான கேலிக்ல ‘பன்’னா ஆத்தோட முகத்துவாரம், ‘பன் ரோ’ வாய்க்கு வாய் மாறி ‘மன்றோ’ ஆச்சுங்கறாங்க. குலத்துக்காரங்களே சொல்ற கதைங்கறதால அப்படியே முழுசா நம்பிடக் கூடாது, ஆனா இன்னைக்கும் கேலிக்ல மன்றோக்காரரை ‘ரோஹக்’னு தான் சொல்றாங்க, அதாவது ரோக்காரர். நாம அரூரார், பாலக்கோட்டார்னு சொல்றோம்ல, அந்த மாதிரி தான்.

மாங்கா_மண்டி_கிருஷ்ணகிரி:
அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோவும் இதே பேரு தான் அண்ணா, ஸ்பெல்லிங் மட்டும் வேற. ஸ்காட்லாந்துல 3000 அடிக்கு மேல இருக்கற மலைங்கள ‘மன்றோ’னே சொல்றாங்க, 1891ல ஹியூ மன்றோங்கறவர் லிஸ்ட் போட்டதால வந்தது, இப்ப கணக்குக்கு 282 மலை. பாப்பா ப்ராஜெக்ட்ல இதையும் போடுங்க, டீச்சர் அசந்துடுவாங்க. கொல்லத்துக்கிட்ட இருக்கற மன்றோ தீவை மட்டும் போட்டுடாதீங்க, அது ஜான் மன்றோ, திருவாங்கூர் ரெசிடென்ட் (ராஜா கிட்ட இருந்த கம்பெனி பிரதிநிதி), வேற ஆளு.

தொப்பூர்_கணவாய்:
ஆமா அந்த குழப்பம் நெறைய பேருக்கு இருக்கு. இன்னொண்ணு, தாத்தா சொன்ன மாதிரி ஜனங்க பேரு வெச்சது உண்டு, ஆனா தலைகீழா. ராயலசீமா பக்கம் கொழந்தைங்களுக்கு ‘மன்றோலப்பா’ன்னு பேரு வெச்சிருக்காங்க, தாமஸ் மன்றோ 1800ல இருந்து 1807 வரைக்கும் அங்க கலெக்டரா இருந்தார், 1827ல காலரா வந்து செத்ததும் அங்க பத்திகொண்டாவுல தான்.

பென்னாகரம்_பையன்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். தாத்தா கிட்ட மன்றோலப்பா கதைய சொன்னேன், ‘பாத்தியா, நான் சொன்னேன்ல’ங்கறார், விட மாட்டேங்கறார். இப்ப பொண்ணு ரீடுன்னா படிக்கறவரான்னு ஆரம்பிச்சுட்டா.

மாங்கா_மண்டி_கிருஷ்ணகிரி:
படிக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லண்ணா. பழைய இங்கிலீஷ்ல செவப்புன்னு அர்த்தம், பெரும்பாலும் செம்பட்ட முடிக்காரங்களுக்கு வந்த பட்டப்பேரு.