எலுமிச்சைச் சாற்றை முகத்தில் நேரடியாகத் தடவலாமா?

கேள்வி: முகம் பொலிவு பெற எலுமிச்சைச் சாறு உதவும் என்று பலரும் கூறுகிறார்கள். ஆனால், தடவிய சிறிது நேரத்திலேயே என் கன்னங்கள் எரிந்து சிவக்கின்றன. தொடரலாமா?

பதில் 1: தயவுசெய்து உடனே நிறுத்திவிடுங்கள். சருமத்தின் மேற்பரப்பில் பிஹெச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறத்தாழ 5 ஆக இருக்க, எலுமிச்சைச் சாற்றிலோ அது 2-ஐ ஒட்டியே இருப்பதால், சருமத்தின் காப்பு அடுக்கு பாதிக்கப்படுவதோடு, சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் கொப்புளமும் கருமையும் உண்டாகக்கூடும்.

பதில் 2: இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. வெதுவெதுப்பான நீரில் முகம் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் பூசுவதே என் கருத்தில் எந்த முகப்பூச்சையும்விட மேலான பழக்கம்.

பதில் 3: பகலில் எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30 கொண்ட சன்ஸ்கிரீனும் அவசியம். எரிச்சல் தணியாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.