மழை வருது, ஷியர் போல்ட் கட் ஆகிட்டே இருக்கு. கடினமான போல்ட் போடலாமா?

புதுப்பேலர்:
வைக்கோலைச் சதுரக் கட்டாக் கட்டுற பேலர் மெஷின் ஓட்டுறேன். அறுப்பு மெஷின் போன வயல்ல வைக்கோல் வரிசையாக் கெடக்கு. நாளைக்குச் சாயங்காலம் மழைங்கிறாங்க. மத்தியானத்துல இருந்து ஃப்ளைவீல் (பெரிய சுழல் சக்கரம்) ஷியர் போல்ட் கட் ஆகுது, மாத்தினா கொஞ்ச தூரத்துல மறுபடி 'டப்'. கையிருப்பும் தீரப்போகுது. பக்கத்து வயல்காரர் கடினமான போல்ட்டாப் போட்டு இன்னிக்கு ஓட்டிருங்கிறார். அடிவைக்கோல் வேற இன்னும் நமத்துக் கெடக்கு. என்ன பண்ணலாம்?

கிரீஸ்கை:
தம்பி, போடாதீங்க. அந்த போல்ட் பாரம் கூடினா அறுறதுக்குன்னே வச்சது. அது அறலேன்னா கயிறு கோக்குற ஊசி வளையும், இல்லேன்னா கியர்பாக்ஸ் போகும். அப்புறம் இந்த சீசனே போச்சு. பக்கத்து வயல்காரர் மெஷினா அது?

எப்ப அறுதுன்னு சொல்லுங்க. பி.டி.ஓ (டிராக்டர்ல இருந்து மெஷினைச் சுத்துற தண்டு) போட்டதும் அறுந்தா, எஞ்சினை ஏத்தி வச்சுக்கிட்டு சட்டுன்னு சேர்க்கிறீங்க. கம்மியா வச்சுச் சேர்த்துட்டு மெதுவா நிமிஷத்துக்கு 540 சுத்துக்கு ஏத்துங்க. வைக்கோல் குமிஞ்ச இடத்துல மட்டும் அறுந்தா பிளஞ்சர் (வைக்கோலை இடிச்சு அமுக்குற தள்ளி) கத்தியைப் பாருங்க, மழுங்கின கத்தி ஈரத்தாளை வெட்டாம நாராக் கிழிக்கும். கட்டு முடிச்சு விழுற நேரத்துல அறுந்தா கதை வேற.

புதுப்பேலர்:
இப்பத்தான் கவனிச்சேன்ணே, முடிச்சு விழுற நேரத்துலதான்.

கிரீஸ்கை:
அப்ப ஊசிதான். ஊசி கட்டு அறைக்குள்ள நிக்கிறப்ப பிளஞ்சர் வந்து மோதக்கூடாதுன்னு ஒரு தடுப்பு இருக்கு. ஊசி நேரத்துக்கு இறங்கலேன்னா அது பிளஞ்சரை நிறுத்தும், போல்ட் அறும். எஞ்சினை அணைச்சு, சாவியைக் கையில எடுத்துக்கிட்டு, ஃப்ளைவீலைக் கையால சுத்திப் பாருங்க. ஊசி நுழையுற நேரமும் பிளஞ்சர் வர்ற நேரமும் பொருந்துதா? செயின் ஒரு பல்லு தாண்டியிருக்கலாம். நாட்டர் (முடிச்சு போடுற பாகம்) தண்டு பிரேக்கையும் பாருங்க, லூசானாலோ எண்ணெய் பட்டாலோ ஊசிச் சட்டம் தன்னோட இடத்துல நிக்காம ஆடும். கிரீஸ் அடிக்கிறவங்க அந்த பிரேக்குக்கும் சேர்த்து அடிச்சு விட்டுருவாங்க, எத்தனை தடவை துடைச்சிருப்பேன்!

வைக்கோல்போர்:
அண்ணன் மெஷினைச் சொல்லிட்டார், நான் ஈரத்தைச் சொல்றேன். நமத்த அடிவைக்கோலைக் கட்டாதீங்க. 20 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா கட்டு உள்ளுக்குள்ள சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். போருக்குள்ள 65 டிகிரி செல்சியஸ் ஆனாலே தினம் பார்க்கணும், 80ஐ நெருங்கினா தீப்பிடிக்கலாம். மழையில நனைஞ்சு தரையில கெடந்தா நிறம் கெடும், சத்தும் கொஞ்சம் போகும், ஆனா புரட்டி விட்டு வெயில் அடிச்சா காஞ்சிரும். ஈரமாக் கட்டினது காயவே காயாது. இன்னிக்கே ரேக்கை ஓட்டிப் புரட்டுங்க. நாளைக்குப் பனி விட்டதும் மேட்டு வயல்ல ஆரம்பிங்க, பள்ளம் கடைசி.

வழிப்போக்கன்:
தார்ப்பாய் போட்டு மூடிட்டா?

வைக்கோல்போர்:
காஞ்ச கட்டுக்குப் போடுங்க. ஈரக்கட்டுக்குப் போட்டா ஆவி வெளியேறாது, இன்னும் புழுங்கும்.

புதுப்பேலர்:
பிரேக்தான்ணே, பட்டையில எண்ணெய். துடைச்சு முறுக்கிட்டேன், பழைய ரக போல்ட்லயே ஓடுது. மேட்டு வயல் முடிஞ்சிருச்சு. பள்ளத்தை விட்டுட்டேன், தூறல் ஆரம்பிச்சிருச்சு.