தம்புராவை இரைச்சல் என்று நினைத்த காது மிஷின்

திருச்சி, வயலின் ஆசிரியர், 69 வயது:

காது மிஷின் போட்டுக்கொண்டு பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

எனக்குக் காது மந்தமானது எனக்குத் தெரியவில்லை, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வகுப்பில் ஒரு பெண் "சார், சாவேரி ராகம் ஆரம்பிக்கலாமா" என்று கேட்டாள், நான் "காவேரியில் இன்னும் தண்ணி விடலையே அம்மா" என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் சிரித்ததும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அதற்கு முன்பே வீட்டுத் தம்புராவில் ஜீவாளி, அதாவது கம்பிக்கடியில் வைக்கிற நூலால் எழுகிற ரீங்காரம், செத்துப்போனது போல இருந்தது. நூலை மாற்றி மாற்றி வைத்தேன், ஆள் வைத்துக் கம்பிகள் உட்காருகிற குதிரையைச் சீவினேன். நாதம் நன்றாகத்தான் இருக்கிறது என்று வந்தவர் சொன்னார், அவருக்கு ஞானம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். கச்சேரியில் ஜால்ரா கேட்காமல் போனதைக்கூட நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டேன்.

எந்த அதிர்வு எவ்வளவு கேட்கிறது என்று காட்டுகிற ஆடியோகிராம் எடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. 1000 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு பரவாயில்லை, 2000த்தில் இறங்குகிறது, 4000க்கு மேல் 65 டெசிபெல் போய்விட்டது. வயலினில் நாம் சாதாரணமாகத் தொடுகிற ஸ்வரங்களின் அடிப்படை அதிர்வு 2000க்குள் அடங்கிவிடுகிறது, அதனால் சுருதி தப்பாது. போனது மேலே இருக்கிற பளபளப்பு: தம்புராவின் ரீங்காரம், வில் கம்பியைக் கடிக்கிற சத்தம், பேச்சில் 'ச', 'ஸ'. சுருதி சேர்கிறதே, பிறகு காதுக்கு என்ன குறை என்று நான் இத்தனை வருடம் ஏமாந்தது இதனால்தான்.

கடைக்குப் போனேன். ஜோடி 36,000 ரூபாயில் ஆரம்பித்து 5 லட்சத்தைத் தாண்டிப் போகிறது. எனக்குக் காட்டியது 2,40,000, பண்டிகைத் தள்ளுபடி போக 1,68,000, அதுவும் இன்று மட்டும். ஜிஎஸ்டி இல்லை சார் என்று அந்தப் பையன் ஏதோ தன் கைக்காசை விட்டுக்கொடுப்பது போலச் சொன்னான். காது மிஷினுக்கு யார் வாங்கினாலும் ஜிஎஸ்டி கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. இன்சூரன்ஸ்காரரைக் கேட்டால் என் பாலிசியில் காது மிஷின் வராது என்றார். பாதியை வைப்புத்தொகையை உடைத்துக் கொடுத்தேன், மீதி 12 மாதத் தவணை. வகுப்பு நடத்திச் சாப்பிடுகிறவனுக்கு அது சின்னத் தொகை இல்லை.

கடையில் சோதனை என்ன தெரியுமா? ஏசி அறையில் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொன்னான், நான் திருப்பிச் சொன்னேன். அவ்வளவுதான். பேச்சு நிஜமாகவே பிரமாதமாகக் கேட்டது, மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்தால் பிளாஸ்டிக் பையைப் பிரிக்கிற சத்தம் வாணலியில் கடுகு வெடிக்கிற மாதிரி இருந்தது, அதுவும் இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

சாயங்காலம் வயலினை எடுத்தேன். பஞ்சமத்தில் நீளமாக ஒரு கார்வை, அதாவது ஒரே ஸ்வரத்தில் நின்று இழுப்பது. நடுங்கியது. மறுபடி இழுத்தேன், மறுபடியும் நடுக்கம். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுக்கம் இருந்தது, எனக்கும் வந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். பத்து நாள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. நீள வில்லே போடாமல் வேகமான பிருகாவாகப் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் அதே சாவேரிப் பெண்தான் "சார் ஏன் இப்பல்லாம் கார்வையே கொடுக்கிறதில்லை" என்று கேட்டாள். நீ கொடு பார்ப்போம் என்றேன். அவள் கார்வையும் நடுங்கியது! 19 வயதுப் பெண்ணுக்கு என்ன கை நடுக்கம்? மிஷினைக் கழற்றிவிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னேன், கோடு போட்டது போல நேராக நின்றது.

தம்புரா கதை இன்னும் மோசம். எலக்ட்ரானிக் தம்புராவைப் போட்டால் முதல் சில விநாடி நன்றாகக் கேட்கும், அப்புறம் யாரோ சத்தத்தைக் குறைத்த மாதிரி அமுங்கிவிடும். கடையில் போய்ச் சொன்னால் "மூன்று மாசத்தில் மூளைக்குப் பழகிடும் சார்" என்றார்கள். பேச்சுக்கு அது உண்மைதான். ஆனால் தம்புரா கேட்காமல் பழகுவதற்காகவா நான் தவணை கட்டுகிறேன்?

பிறகு தனியாகக் கிளினிக் வைத்திருக்கும் வயதான ஆடியோலஜிஸ்ட் ஒருவரிடம் போனேன். முதல் கேள்வியே "வயலினைக் கொண்டுவந்தீர்களா" என்பதுதான். மறுநாள் எடுத்துப் போனேன், இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். இந்த மிஷின்கள் பேச்சுக்காகச் செய்தவை. மிஷினிலிருந்து வெளிவரும் சத்தம் மறுபடி அதன் மைக்குக்குள் போனால் விசில் அடிக்கும், அதைப் பிடித்து அழிக்க உள்ளே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு விசிலும் நம் கார்வையும் ஒன்று, இரண்டும் ஒரே ஸ்வரத்தில் நிற்கிற நாதம்தானே. என் பஞ்சமத்தை அழிக்கப் போராடியதில் வந்ததுதான் நடுக்கம். இன்னொரு ஏற்பாடு, ஏற்ற இறக்கமில்லாமல் ஓடுகிற எந்தச் சத்தத்தையும் ஃபேன் இரைச்சல் என்று எண்ணிக் குறைக்கும். தம்புரா மாட்டியது அதில். மூன்றாவதாக, நமக்குக் கேட்காத மேல் அதிர்வுகளைக் கீழே இறக்கித் தருகிற ஏற்பாடு. பேச்சில் 'ஸ' கேட்க உதவும், சங்கீதத்தில் இல்லாத ஸ்வரம் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டும். இந்த மூன்றையும் நிறுத்தி, மெல்லிய சத்தத்தைத் தூக்கிப் பெரிய சத்தத்தை அமுக்குவதையும் மிகக் குறைத்து, சங்கீதத்துக்கென்று இரண்டாவது புரோகிராம் போட்டுக் கொடுத்தார். மிஷின் அதே மிஷின். இரண்டு தடவைக்குச் சேர்த்து 3,000 ரூபாய் வாங்கினார்.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வகுப்புக்கும் வீட்டுச் சாதகத்துக்கும் நன்றாக இருக்கிறது, ஜீவாளி திரும்பி வந்துவிட்டது. ஸ்பீக்கர் அலறுகிற மேடையில் கழற்றிப் பையில் வைத்துவிடுகிறேன். செல்போன் தம்புராவை நேராகக் காதுக்கு அனுப்பலாம் என்று பெரிதாகச் சொன்னார்கள், காதைத் திறந்தே விடுகிற ரப்பர் டோம் போட்டிருப்பதால் கீழ் அதிர்வுகள் வெளியே கசிந்து மந்தர சட்ஜம் கொசு பாடுவது போல வருகிறது. வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: வாத்தியம் இல்லாமல் போகாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்க இரண்டு வாரமாவது தராதவரிடம் பணம் கட்டாதீர்கள். விலை ஏற ஏற இரைச்சலைக் குறைக்கிற வித்தைகள்தான் பெரும்பாலும் கூடுகின்றன, நாம் அணைக்கச் சொல்லப்போவதே அவற்றைத்தான்.

மயிலாடுதுறை பக்கம், தவில், 61 வயது:

அண்ணே, நடுக்கம் விஷயம் படித்துவிட்டு என் வீட்டம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். எனக்கு ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்திருக்கிறது, சத்தத்தால் வருகிற பள்ளம் அதுதான் என்றார்கள். காது கெடாமல் 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாமாம், மூன்று டெசிபெல் ஏறினால் நேரம் பாதி, அப்படிப் போட்டால் 100க்கு கால் மணி நேரம்தான் வருகிறது. கால் மணி நேரத்தில் மாப்பிள்ளை அழைப்பே முடியாது! கெட்டிமேளம் எங்கே கொட்டுவது?

எனக்கு வாங்கிக் கொடுத்தது பழைய மாடல், தெரிந்தவர் மூலமாக ஜோடி 40,000. வலந்தலையில் கூடு போட்ட விரலால் ஒரு சொல்லு கொட்டினால் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி கரகரக்கிறது. சத்தத்தைக் குறைத்துக்கொண்டாலும் கரகரப்புதான், என்ன கொடுமை என்றால் நாதம் உள்ளே நுழையும் இடத்திலேயே உடைந்துவிடுகிறதாம். வாங்கி வைக்கும் கொள்ளளவே அவ்வளவுதான், பேச்சுக்குப் போதும், தவிலுக்குப் போதாது. ஒருவர் சொன்னார் என்று மைக் ஓட்டைகளின் மேல் செல்லோ டேப் ஒட்டிப் பார்த்தேன். நம்ப மாட்டீர்கள், பாதிக் கரகரப்பு போய்விட்டது. உள்ளே போகிற சத்தமே குறைந்துவிடுகிறது இல்லையா. சாப்பாட்டுக்கு உட்காரும்போது டேப்பை உரித்துவிடுவேன். கல்யாண வீட்டில் பார்த்தவர்கள், மிஷின் உடைந்துவிட்டதா அண்ணே என்று கேட்கிறார்கள்.

வேர்வைதான் பெரிய எதிரி. ஒரு வைகாசி முகூர்த்தத்தில் மிஷினின் சின்ன ஸ்பீக்கரான ரிசீவர் போய் 6,500 ரூபாய் செலவு. இப்போது ராத்திரி சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டுத்தான் படுக்கிறேன்.

சென்னை, வாய்ப்பாட்டு, 72 வயது:

பாடுகிறவர்களுக்கு வேறு தொல்லை. எனக்குக் காதை முழுக்க அடைக்கிற மோல்டு செய்து கொடுத்தார்கள். 'ஸா' என்று வாயைத் திறந்தால் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி, என் குரல் எனக்கே பூதமாகக் கேட்டது. அடைப்பினால் நம் குரல் எலும்பு வழியாக வந்து உள்ளேயே சுற்றுகிறதாம். காற்றுத் துளை பெரிதாக்கித் தரச் சொன்னேன், பாதி சரியாயிற்று.

இன்னொன்று சொல்ல வேண்டும், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். என் வலது காதுக்கும் இடது காதுக்கும் மேல் ஸ்தாயியில் சுருதி ஒன்றாக இல்லை. ஒரே ஸ்வரம் ஒரு காதில் ஒரு மயிரிழை கூட. மிஷினால் வந்ததோ என்று திட்டிக்கொண்டிருந்தேன், கழற்றினாலும் அப்படித்தான். உள்காது பாதிக்கப்பட்டால் இப்படியும் வருமாம், எந்த மிஷினும் அதைச் சரி செய்யாது என்று ஆடியோலஜிஸ்ட் நேராகச் சொல்லிவிட்டார். நல்ல காது எதுவோ அந்தப் பக்கமாகத் தம்புராவை வைத்துக்கொண்டு உட்காருகிறேன்.

கும்பகோணம், நாகஸ்வர வித்வானின் மகள்:

அப்பாவுக்கு 78 வயது, இப்போது வாசிப்பதில்லை. இயல் இசை நாடக மன்றம் கொடுக்கிற நலிந்த கலைஞர் நிதி மாதம் 3,000 ரூபாய்தான் வருமானம், இதில் லட்ச ரூபாய் மிஷின் எங்கே? 2017இல் மத்திய அரசு ஆரம்பித்த வயோஸ்ரீ திட்டத்தில் ஏழை முதியவர்களுக்குக் காது மிஷின் இலவசம், முகாமில் ஆதார், வருமானச் சான்று காட்டி வாங்கினோம். காதுக்குப் பின்னால் மாட்டுகிற பெரிய மிஷின். ரேடியோ நாகஸ்வரம் அதில் தகர டப்பா மாதிரி இருக்கிறது என்று சலித்துக்கொள்வார். ஆனால் பேரன் பேசுவது கேட்கிறது. இப்போது ரேடியோ கேட்கும்போது மட்டும் கழற்றிவிட்டுப் பெட்டியைக் காதோடு ஒட்டிக்கொள்கிறார்.

வானொலியில் இருந்து ஓய்வுபெற்ற வீணைக் கலைஞர்:

மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். அட்டை இருக்கிறவர்கள் வாங்குவதற்கு முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள். காது டாக்டர் சீட்டு, ஆடியோகிராம் இரண்டும் வேண்டும். உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் நம் கைக்காசு. முதலில் வாங்கிவிட்டு ரசீதோடு அலைந்த முட்டாள் நான்.

டொராண்டோ, மிருதங்கம், 66 வயது (ஊர் யாழ்ப்பாணம்):

இங்கே ஒன்ராறியோ அரசாங்கம் ஒரு மிஷினுக்கு விலையின் 75 சதவீதம், ஆனால் 500 டொலருக்கு மேல் தராது. என் சோடி 5,200 டொலர், கிடைத்தது 1,000. மிச்சத்துக்குப் பிள்ளைகளிடம் கை நீட்ட மனமில்லாமல் ஒரு வருசம் தள்ளிப்போட்டேன். அந்த ஒரு வருசமும் சபையில் பாடகர் என்ன தாளத்தைச் சொல்லுகிறார் என்று வாயைப் பார்த்தே வாசித்தது எனக்கும் வயலின் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். திருச்சி ஐயா எழுதினதைப் படித்துவிட்டு நேற்று என்னுடைய ஆளிடம் போய்ச் சங்கீதப் புரோகிராம் கேட்டேன். பட்டியலில் "மியூசிக்" என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது, திறந்து பார்த்தால் விசில் அழிக்கிற ஏற்பாடு அதிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரை நம்பாதீர்கள், உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

திருச்சி, வயலின் ஆசிரியர்:

டொராண்டோ ஐயா சொன்னது எனக்கும் தெரியாது, என்னுடையதையும் பார்க்கச் சொல்கிறேன். மயிலாடுதுறைத் தம்பி தனியாக முகவரி கேட்டிருக்கிறார், அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை வாருங்கள், நானும் கூட இருக்கிறேன். தவிலைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். ஆடியோலஜிஸ்டிடம் சொல்லிவிட்டேன், அவர் சரி என்றார், பக்கத்து அறைப் பல் டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்றார்.